கையுறையும் கையும்: மாத்தளை இறப்பர் பால் முதல் உற்பத்தித் தளம் வரை

மலையகத் தொழிலாளர் பற்றிய நமது ஆய்வுகளில் தேயிலைக்குக் கிடைத்த இடம் இறப்பருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த சிறிய இடமும் தோட்ட எல்லையோடு முடிந்துவிடுகின்றது. பால் வாளி தோட்டத்தை விட்டுச் சென்றபின் யாது நிகழ்கின்றது, அங்கே எவருடைய கைகள் உழைக்கின்றன என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அப்பாலின் பயன்களுள் ஒன்றான மருத்துவக் கையுறையை எடுத்துக்கொண்டு, அதனை ஆக்கும் உற்பத்தித் தொழிலாளியின், அதாவது வழக்கில் 'ஒப்பரேற்றர்' எனப்படுபவரின், உழைப்பு எத்தகையது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மாத்தளை இதற்குப் பொருத்தமான தொடக்கம். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டினுள் நுழைந்த வாயில் அது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், உயர்ந்த சரிவுகளில் தேயிலையும் தாழ்ந்த சரிவுகளில் கொக்கோவும் இறப்பரும் இடம்பிடித்தன. இறப்பர் கன்றுகளோ 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தவை.

பால்வெட்டு விடியுமுன் தொடங்குகின்றது. மரத்தினுள் அமுக்கம் மிகுந்திருக்கும் வேளை அதுவே. ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் பட்டையே சீவப்படல் வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்து வளர்படையைத் தொட்டால் மரம் காயமுற்று, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். இருட்டில் அரை மில்லிமீற்றரை உணரும் இக்கையைக் கூலிப் பதிவேடு திறனற்ற உழைப்பு என்றே வகுத்து வந்துள்ளது. கணக்கிடப்படுவது கிலோகிராம்தான். குறித்த அளவு வராதவருக்கு 'அரைப்பேர்' என்ற தோட்டச் சொல்லின் கசப்பை அறிந்தோர் அறிவர்.

பால் தாளாகவோ கிறேப்பாகவோ ஆகவேண்டின் அமிலம் சேர்த்து உறையவைப்பர். கையுறைக்காயின் உறையவிடலாகாது. உடனே அமோனியா சேர்த்து, பின் மையநீக்கப் பொறியிற் சுழற்றி, சுமார் 60 சதவீதம் இறப்பர் கொண்ட செறிபாலாக்குவர். கழுவப்படாத வாளியொன்றினால் பெருகும் நுண்ணுயிர் அமிலத்தை உண்டாக்கிப் பாலைக் கெடுத்துவிடும். ஆதலால் கையுறையின் தரம் தோட்டத்து வாளியிலேயே தொடங்கிவிடுகின்றது எனல் மிகையன்று.

இலங்கையில் கையுறை உற்பத்தியில் முன்னோடியான டிப்ட் புரொடக்ற்ஸ் 1976இல் தொடங்கப்பெற்றது. 1980களில் அமைந்த பியகம வலயத்தில் பின்னர் அன்செல் நிறுவனம் பெரிய கையுறை ஆலையை நடத்தலாயிற்று. 1987இல் அமெரிக்காவில், எயிட்ஸ் அச்சத்தின் நடுவே, ஒவ்வொரு நோயாளியின் குருதியையும் தொற்றுடையதாகவே கருதவேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டதும் கையுறையின் தேவை உலகெங்கும் பன்மடங்காயிற்று. மாத்தளை, இரத்தோட்டை, உக்குவெலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கும் வலயங்கள் தோட்டத்துக்கு வெளியே கிடைத்த வேலைகளுள் ஒன்றாயின.

ஆலையில் நிகழ்வது இது: கையின் வடிவிலான பீங்கான் அச்சுகள் சங்கிலியில் இடையறாது நகர்கின்றன. கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஒருமுறை தோய்ந்து, பின் கந்தகம், நாகவொட்சைட்டு, வேகமூக்கிகள் கலந்த பாலில் மூழ்குகின்றன. படிந்த படலம் வெந்நீரிற் கழுவப்பட்டு, அடுப்பில் வெந்து உறுதிபெறுகின்றது. இறுதியில் உருவியெடுக்கப்படுகின்றது. பொறிதானே எல்லாம் செய்கின்றது என வெளியார் எண்ணலாம். ஆனால் பால்தொட்டியில் மிதக்கும் குமிழியும், அச்சில் ஒட்டிய துகளும், உறைந்த சிறு கட்டியும் ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத ஓட்டையாகும். அதனை முதலிற் காண்பவர் தொட்டியருகே நிற்பவரே.

பரிசோதனை எளியது. கையுறையில் 1000 மில்லிலீற்றர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடத்தில் கசிகின்றதா எனப் பார்ப்பர். நீர் ஊற்றப்பட்டது விற்பனைக்கு உதவாது. ஆகவே மாதிரிகளே சோதிக்கப்படுகின்றன. தரநியமங்களில் பொதுவாகக் காணப்படும் 1.5 என்ற மட்டம், ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒன்றரை அளவான குறையை இம்முறை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதைக் குறிக்கின்றது. சோதிக்கப்படாத எஞ்சியவற்றுக்குப் பொறுப்பு தளத்தில் நிற்பவரின் கவனமே.

இங்கேதான் முரண்பாடு. வெந்நீரிற் கழுவும் கட்டம், ஒவ்வாமையை உண்டாக்கும் பாற்புரதங்களையும் எஞ்சிய இரசாயனங்களையும் நீக்குவது. தொட்டியின் நீளம் மாறாதது. சங்கிலியின் வேகத்தைக் கூட்டினால் கழுவும் நேரம் குறைகின்றது. அதாவது எண்ணிக்கை இலக்கு உயரும்போது நேர்வது தொழிலாளியின் களைப்பு மட்டுமன்று. எங்கோ ஒரு தாதியின் தோலும் சுவாசமும் அதற்கு விலை கொடுக்கின்றன. அப்புரதங்களைக் காற்றிற் பரப்பியமையாலேயே தூளிட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 சனவரி முதல் தடைசெய்தது. உற்பத்தித் தளத்தில் அதே பாலையும் வேகமூக்கிகளையும் நாளெல்லாம் கையாள்வோருக்கு வரும் தோலழற்சி இத்துணைக் கவனத்தைப் பெற்றதில்லை.

வரலாற்றின் நகை ஒன்று மனங்கொளத்தக்கது. சத்திரசிகிச்சைக் கையுறை முதலில் நோயாளியைக் காக்கத் தோன்றியதன்று. 1889-90இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கிருமிநீக்கியாகப் பயன்பட்ட இரசக் குளோரைட்டினால் கரோலைன் ஹம்ப்டன் என்ற தாதியின் கைகள் புண்ணாயின. சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். உழைக்கும் பெண்ணொருத்தியின் கையைக் காக்கப் பிறந்த பொருள் அது.

நமது சட்டங்களோ ஒரே மேசையை இருபுறமிருந்து பார்த்து, ஒன்றையொன்று காணாதிருக்கின்றன. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் சாதனத்தின் தரத்தைக் கருதுவன. தொழிலாளியின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். சங்கிலியின் வேகம் இரண்டுக்கும் உரிய பொருள். எனினும் அதனை நிர்ணயிப்பது முகாமை. குறையைக் கண்ட ஒப்பரேற்றர் சங்கிலியை நிறுத்தலாமா, நிறுத்திய நேரத்துக்கு அவரது ஊக்குவிப்புக் கொடுப்பனவு குறையுமா என்பது தொழிற்சங்கப் பேரத்துக்குரிய வினா என்பது எமது கருத்து. சங்கம் வலுவற்றவிடத்து அவ்வினா எழுவதேயில்லை. பதிவுத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும், தளத்தின் பேச்சு சிங்களத்திலும் இருக்க, மாத்தளைத் தமிழ் இளைஞர் பேச்சில் இடர்ப்படுவது அரிது. கையொப்பமிடும் தாளில் உள்ளதை முற்றும் விளங்கிக்கொள்வது வேறு விடயம்.

அக்கையொப்பம் சிறிதன்று. ஒவ்வொரு பெட்டியிலும் தொகுதி இலக்கம் உண்டு. வெளிநாட்டு வைத்தியசாலையிலிருந்து முறைப்பாடு வந்தால் அவ்விலக்கத்தைப் பின்தொடர்ந்து நாள், முறைவேளை, சங்கிலி, பொறுப்பாயிருந்தவர் வரை செல்லலாம். அதற்கப்பால் பால்தாங்கி, பல தோட்டத்துப் பால் அங்கே ஒன்றாகிவிடுகின்றது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டம் இறப்பரையும் உள்ளடக்குகின்றது. நடைமுறைத் திகதி பின்தள்ளப்பட்டு வந்தபோதிலும், மரம் நிற்கும் நிலத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தரப்படல் வேண்டும் என அது விதித்துள்ளது. அம்மரத்தை வெட்டியவரின் பெயரை அது கேட்கவில்லை.