மனசு அடித்துக்கொள்ளும்போது

ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்ததாக மக்கள் சொல்லும் அனுபவங்கள் இரண்டு வகைப்படும். இன்னும் நடக்காத, எங்கோ தொலைவில் நடக்கவிருக்கும் ஒன்றைக் கனவிலோ நினைப்பிலோ கண்டதாகச் சொல்வது ஒன்று. இதை முன்னுணர்வு எனலாம். ஆபத்து பக்கத்திலேயே இருக்கும் நேரத்தில், காரணம் சொல்லத் தெரியாமல் 'இங்கே என்னவோ சரியில்லை' என்று உள்ளே உறுத்துவது மற்றொன்று, இது உள்ளுணர்வு. இரண்டையும் சேர்த்து 'மனசு அடிச்சுக்கிச்சு' என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் வெவ்வேறு விடைகளையே தந்தன.

முன்னுணர்வை நேரடியாகச் சோதித்துப் பார்க்கும் பெரிய முயற்சி ஒன்று பிரிட்டனில் நடந்தது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு கொடிய விபத்து. 1966 அக்டோபர் 21 அன்று காலை சுமார் 9.15 மணிக்கு, வேல்ஸில் உள்ள அபர்ஃபான் என்ற சுரங்க ஊரில், மலைமேல் கொட்டிக் குவித்திருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு நீரில் ஊறிச் சேறாகச் சரிந்தது. கீழே இருந்த பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியும் பக்கத்து வீடுகளும் புதைந்தன. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பள்ளியைக் கருப்பாக ஏதோ வந்து மூடியதுபோல் முந்திய நாள்களில் ஒரு குழந்தை கனவு கண்டிருந்தாள் என்ற செய்தி ஊரில் பரவியிருந்தது. அங்கு சென்ற ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவரை அது விடாமல் பற்றிக்கொண்டது.

லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழின் அறிவியல் ஆசிரியர் பீட்டர் ஃபேர்லி வழியாக, இத்தகைய முன்னுணர்வு வந்தவர்கள் எழுதும்படி பார்க்கர் கேட்டுக்கொண்டார். 76 பேர் எழுதினார்கள். விபத்துக்குப் பிறகு சொல்வதில் பயனில்லை, முன்பே பதிவு செய்தால் உயிர்களைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில், 1967 ஜனவரியில் அந்த நாளிதழ் அலுவலகத்திலேயே முன்னுணர்வுப் பதிவகம் ஒன்று தொடங்கப்பட்டது. முதல் 15 மாதங்களில் 723 முன்னறிவிப்புகள் வந்துசேர்ந்தன. அவற்றில் பலித்ததாகக் கணக்கிடப்பட்டவை 18. அந்தப் பதினெட்டிலும் 12 இரண்டே பேர் சொன்னவை. ஒரு விபத்தைக்கூடப் பதிவகத்தால் தடுக்க முடியவில்லை. எங்கே, எப்போது என்று எந்தக் கனவும் திட்டவட்டமாகச் சொல்வதில்லை. நடந்த பிறகுதான் இதுவா அது என்று பொருத்திப் பார்க்க முடிகிறது.

அப்படிப் பொருந்துவதற்குச் சாதாரணக் கணக்கே போதும். ஒரு நாட்டில் ஒரு கோடிப் பேர் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை விபத்துக் கனவு கண்டாலும், ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 27,000 பேருக்கு அத்தகைய கனவு வந்திருக்கும். மறுநாள் எந்த விபத்து நடந்தாலும் அதற்கு ஒத்த கனவு எவருக்காவது வந்தே இருக்கும். பொய்த்த கனவுகள் மறந்துபோகின்றன. நடந்து முடிந்ததை அறிந்த பிறகு 'எனக்கு முன்பே தெரியும்' என்று மனம் நம்பத் தொடங்கிவிடுவதையும் அமெரிக்க உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனைகள் மூலம் காட்டினார். சொல்பவர் பொய் சொல்வதில்லை. நினைவே அப்படி மாறி அமைகிறது.

அபர்ஃபானைப் பற்றிப் பேசும்போது வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அங்கே எச்சரிக்கைக்குக் குறைவே இருக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் கழிவுச் சேறு கொட்டப்படுவதன் ஆபத்தைப் பற்றி உள்ளாட்சிப் பொறியாளர் 1963இலேயே கடிதம் எழுதியிருந்தார். பள்ளியருகே வெள்ளம் வருவதைப் பற்றித் தாய்மார்கள் மனு கொடுத்திருந்தார்கள். நீரூற்றின் மேலேயே கழிவு குவிக்கப்பட்டிருந்தது. அந்த ஊற்று வரைபடத்திலும் இருந்தது. நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை ஆணையம், பொறுப்பு தேசிய நிலக்கரி வாரியத்தையே சேரும் என்று 1967இல் அறிவித்தது. கனவுகளைத் தேடி ஒரு பதிவகமே எழுந்தது. கையெழுத்திட்டு வந்த தாள்களை உரிய நேரத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் வகையான உள்ளுணர்வின் கதை வேறு. அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களிடம் பல ஆண்டுகள் பேசித் தகவல் திரட்டியவர். அவர் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. கிளீவ்லாந்தில் ஒரு மாடியில்லா வீட்டின் சமையலறையில் தீ. தண்ணீர் பீய்ச்சியும் தீ அடங்கவில்லை. குழுத் தலைவருக்கு ஏதோ உறுத்தியது. உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியே வந்த சற்று நேரத்தில், நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீயின் மூலம் அடியிலிருந்த நிலவறையில். அப்படி ஒரு நிலவறை இருப்பதே அவருக்குத் தெரியாது. தனக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அவர் நம்பினார். துருவிக் கேட்டபோது காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன: அந்த அளவு தீக்கு அறை மிதமிஞ்சிச் சூடாக இருந்தது, தீயின் ஓசை குறைவாக இருந்தது, தண்ணீருக்கு அடங்க வேண்டிய தீ அடங்கவில்லை. பல ஆண்டு அனுபவத்தில் மனத்தில் பதிந்திருந்த தீயோடு இந்தத் தீ ஒத்துப்போகவில்லை. முரண்பாட்டை மூளை கண்டுகொண்டது; விளக்கம்தான் பிந்தியது.

குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களிடமும் இதே திறன் காணப்பட்டது. பரிசோதனை முடிவு வருமுன்பே 'இந்தக் குழந்தைக்கு நோய்த்தொற்று வரப்போகிறது' என்று அவர்களால் சொல்ல முடிந்தது. எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கிளைனின் சக ஆய்வாளர் பெத் கிராண்டல் கேட்டுத் தொகுத்தார். அவர்கள் கவனித்த அறிகுறிகளில் சில அன்றைய மருத்துவ நூல்களிலேயே இல்லை.

மனம் அறியுமுன் உடல் அறிந்துகொள்கிறதா என்பதை நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோவின் குழு 1997இல் ஒரு சீட்டு விளையாட்டால் ஆராய்ந்தது. நான்கு கட்டுகளில் இரண்டு நாளடைவில் நட்டம் தருபவை. சுமார் 10 சீட்டுகளிலேயே, அந்தக் கட்டுகளை நோக்கிக் கை போகும்போது விளையாடியவர்களின் தோலில் வியர்வை மாற்றம் தெரிந்தது; ஏதோ சரியில்லை என்று அவர்களே சொன்னது சுமார் 50 சீட்டுகளுக்குப் பிறகு. விளையாடுவோருக்கு நனவிலேயே இதைவிட முன்பே விவரம் தெரிந்திருக்கிறது என்று 2004இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விவாதம் நீடிக்கிறது.

எல்லா உறுத்தலையும் நம்பலாமா? கூடாது. பதற்ற நோய் உள்ளவருக்கும் பழைய பேரிடியிலிருந்து மீளாதவருக்கும் ஆபத்தே இல்லாதபோதும் நெஞ்சு படபடக்கும். வேற்று நிறத்தவரைக் கண்டதும் எழும் அச்சமும் உள்ளுணர்வு வேடத்தில்தான் வரும். அதன் வேர் அனுபவமன்று, கேட்டு வளர்ந்த வெறுப்பு. கிளைனும், உள்ளுணர்வைச் சந்தேகித்தே பழகிய உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து எழுதிய 2009ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டு நிபந்தனைகளை முன்வைக்கிறது: அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், தன் கணிப்பு சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிந்து, நெடுநாள் பழகியிருக்க வேண்டும். தீயணைப்பு வீரருக்கு இரண்டும் வாய்க்கின்றன. பங்குச் சந்தையில் விலையைக் கணிப்பவருக்கு வாய்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. 'நான் சாகப்போகிறேன்' என்று ஒருவருக்குத் திடீரென்று தோன்றுவது மாரடைப்பு, நுரையீரல் இரத்தக் குழாய் அடைப்பு, கடும் ஒவ்வாமை ஆகியவற்றின் அறிகுறியாகவே மருத்துவ நூல்களில் இடம்பெறுகிறது. நோயாளி அப்படிச் சொன்னால் ஆறுதல் சொல்லிப் படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உள்ளுணர்வைப் பற்றிய இந்த அறிவு இப்போது விதிமுறைகளாகவும் மாறி வருகிறது. அளவீடுகள் சரியாக இருந்தாலும், செவிலியர் கவலைப்படுவதையே போதிய காரணமாக ஏற்று அவசரக் குழுவை அழைக்கும் முறை பல நாடுகளின் மருத்துவமனைகளில் உண்டு. இங்கிலாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 2021இல் மருத்துவமனையில் நோய்த்தொற்று முற்றி இறந்தாள். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்ன கவலை காதில் ஏறவில்லை. அவள் பெயரால் அமைந்த 'மார்த்தா விதி' 2024இல் அங்கே நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளியின் நிலை மோசமாவதாகக் குடும்பத்தினர் உணர்ந்தால், வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்கலாம், பகலானாலும் இரவானாலும்.