கைத்தொலைபேசியும் புற்றுநோய் அச்சமும்: இரு சொற்கள் குறித்த விளக்கம்

கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகளில், ‘கைத்தொலைபேசியின் கதிரியக்கம் மூளையில் புற்றுநோயை உண்டாக்கும்’ என்னும் கருத்து பெரும்பாலும் இடம்பெறுகின்றது. இலக்கணப் பிழை இல்லாமையால் திருத்துவோரும் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றோம். இத்தொடரின் ‘கதிரியக்கம்’, ‘உண்டாக்கும்’ ஆகிய இரு சொற்களும் ஆராயத்தக்கவை.

யுரேனியம், ரேடியம் முதலிய தனிமங்களின் அணுக்கரு தானே சிதைந்து ஆற்றலை வெளிவிடுவதே கதிரியக்கம் ஆகும். கைத்தொலைபேசியில் அத்தகைய சிதைவு நிகழ்வதில்லை; அது வெளிவிடுவது வானொலி அலையாகும். இவ்வலை பரவுவதைக் கதிர்வீச்சு எனலாம். ஆனால், ஊடுகதிருக்கும் அதே சொல் வழங்குவதால் மயக்கம் நேர்கின்றது. ஊடுகதிர் அணுவிலிருந்து மின்னணுவைப் பெயர்த்து மரபணுவைச் சிதைக்க வல்லது. வானொலி அலைக்கு அவ்வாற்றல் இல்லை. திசுக்களைச் சிறிதளவு வெப்பமடையச் செய்வதே அதன் ஐயத்திற்கு இடமில்லாத விளைவு. அதனாலேயே, தலையில் 10 கிராம் திசு உள்வாங்கும் ஆற்றல் கிலோகிராமுக்கு 2 வாட்டைத் தாண்டலாகாது என அனைத்துலக வழிகாட்டி வரையறுத்துள்ளது.

இனி, ‘உண்டாக்கும்’ என்பதைக் காண்போம். 2011ஆம் ஆண்டு மே மாதம், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 14 நாடுகளின் 31 அறிவியலாளரை பிரான்சின் லியோன் நகரில் கூட்டியது. அக்குழு வானொலி அலைகளை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. புகையிலை இடம்பெறும் முதற்பிரிவு உறுதியான சான்று உடையது. 2பி பிரிவோ ஐயுறுவதற்கு இடமுண்டு, சான்று குறைவு என்னும் நிலையைக் குறிக்கும். ஆசிய மரபில் உப்பிலிட்ட காய்கறிகளும் இப்பிரிவிலேயே உள்ளன. இப்பிரிவுகள் சான்றின் வலிமையை அளவிடுகின்றனவேயன்றித் தீங்கின் அளவையன்று.

இந்நிலையைத் தமிழில் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ எனப் பெயர்ப்பது வழக்கம். ‘அவர் நாளை வரக்கூடும்’ என்பதில் ‘கூடும்’ ஐயப்பொருளில் வருகின்றது. ‘பல மொழிகள் பேசக்கூடியவர்’ என்பதிலோ ஆற்றற்பொருள் மேலோங்கி ஐயம் மறைகின்றது. ‘உண்டாக்கக்கூடியது’ என்பதும் அவ்வாறே ஆற்றலைக் குறிப்பதாகப் படிக்கப்படுகின்றது. அங்கிருந்து ‘உண்டாக்கும்’ என்பதற்கு ஓர் அடியே உள்ளது. ‘உண்டாக்கலாம் என ஐயுறப்படுவது’ எனப் பெயர்ப்பின் சற்று நீளும். ஆயினும் பொருள் பிறழாது.

பின்னைய ஆய்வுகளும் நோக்கத்தக்கவை. 2018இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வில், நாள்தோறும் 9 மணி நேரம் உடல் முழுவதும் அலைக்கு உட்படுத்தப்பட்ட ஆண் எலிகள் சிலவற்றின் இதயத்தில் கட்டிகள் தோன்றின. வியப்பு யாதெனில், அவ்வெலிகள் அலைக்கு உட்படாத எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2024இல் வெளியிடப்பட்ட அறிக்கை, பத்தாண்டும் அதற்கு மேலும் பயன்படுத்தியோரிடத்தும் கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்கின்றது. எனினும் முன்னெச்சரிக்கையை விரும்புவோர் செவிப்பொறியைப் பயன்படுத்தலாம். அலை வலுக்குன்றிய இடங்களில் கருவி கூடுதல் ஆற்றலுடன் இயங்குமாதலின் அங்கு நீண்ட உரையாடலைத் தவிர்க்கலாம்.

ஐயத்திற்கிடமின்றி அறியப்பட்ட தீங்கோ சாலையில் உள்ளது. மாணவர் கட்டுரைகளில் அது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. கனடாவின் டொராண்டோவில் மேற்கொள்ளப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு, வாகனமோட்டும்போது கைத்தொலைபேசியில் பேசுவோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டது. சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி முதல், ஓடும் வாகனத்தை ஓட்டுபவர் கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றமாகும். ஆயினும், கையில் பிடிக்காமல் பேசுவதும் பாதுகாப்பானதாகத் தோன்றவில்லை என்று டொராண்டோ ஆய்வு அன்றே குறிப்பிட்டிருந்தது.