முட்டை ஓடு... செடிக்கா, கோழிக்கா?

மதுரையின் பரோட்டாக் கடைகளில் முட்டை ஓடுகள் தினமும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகின்றன. ஓட்டில் சுமார் 95 சதவிகிதம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அமிலத்தன்மையுள்ள மண்ணில்தான் அது மெள்ளக் கரையும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பெரும்பாலும் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. அங்கு ஓட்டுத்தூள் போட்டுப் பெரிய பலனில்லை.

ஓட்டுக்கு நல்ல இடம் கோழித்தீவனம்தான். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. தீவனத்தில் அது குறைந்தால், கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முட்டை ஓடும் மெலியும். ஓடுகளை 10 நிமிடம் கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் அழியும். பிறகு வெயிலில் காயவைத்து, நொறுக்கி, தனித்தட்டில் வையுங்கள். வேண்டிய அளவைக் கோழியே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். அதிகப்படியான கால்சியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.