ஐதரசனைக் கண்ட அறிஞர்

தமிழாசிரியனுக்குப் பளிங்கியலில் என்ன அலுவல் என்று எம் விஞ்ஞான ஆசிரியர்கள் நகைத்தல் கூடும். எழுத்துக்கள் நிற்கும் முறையறிந்து சொல்லின் பொருள் காண்பது எம் தொழில். அணுக்கள் நிற்கும் முறையறிந்து பொருளின் இயல்பு காண்பது அவர் தொழில். இரண்டும் தம்முள் அயலல்ல.

பளிங்கின் உள்ளமைப்பை ஊடுகதிர் கொண்டு அறியும் முறை 1912 ஆம் ஆண்டில் தோன்றியது. அக்கதிரைச் சிதறச் செய்வன இலத்திரன்கள். ஐதரசன் அணுவுக்கு உள்ளதோ ஒரே இலத்திரன். ஆதலின் திருவிழாக் கூட்டத்திற் சிறுபிள்ளைபோல அது கண்ணுக்குத் தப்பிவிடும். நியூத்திரனோ அணுவின் கருவினாற் சிதறுவது. அதற்கு ஐதரசன் மறைந்துகொள்ள இயலாது.

இந்நெறியிற் புகழ்பெற்றவர் சென்னையில் 1936 இற் பிறந்த இராஜகோபால சிதம்பரம் அவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்றவர்.

இரணைமடு நீரால் நெல் விளைக்கும் முரசுமோட்டையார்க்கு நீரின் அருமையை யாம் எடுத்துரைத்தல் வேண்டா. அந்நீர் உறைந்து கட்டியாகும்போது நிகழ்வதையே இளைஞர் சிதம்பரம் ஆராய்ந்தார். பனிக்கட்டியில் ஒவ்வோர் ஒட்சிசனையும் வேறு நான்கு ஒட்சிசன்கள் சூழ்ந்து நிற்கும். நடுவிலிருந்து நோக்கின் அவற்றுள் இரண்டற்கு இடைப்பட்ட கோணம் ஏறக்குறைய 109.5 பாகை. நீராவி மூலக்கூற்றிலோ இரு ஐதரசன்களுக்கும் இடைக்கோணம் 104.5 பாகையே. அங்ஙனமாயின், கட்டியினுள் அம்மூலக்கூறு தன் இரு கைகளையும் அகல விரிக்கின்றதா? அன்று என்றார் சிதம்பரம். 1961 இல் வெளியான கட்டுரையில், மூலக்கூறு தன் கோணத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்கின்றது, அயல் மூலக்கூற்றோடு அதனைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்பே சற்று வளைந்து கொடுக்கின்றது என விளக்கினார். நாலைந்து பாகை வேறுபாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சியா என்று மாணவர் வினவுவர். புரதங்களின் மடிப்பும் இப்பிணைப்பின் வளைவு நெளிவுகளைச் சார்ந்ததே என்பதை அவர் நினைவிற் கொள்வாராக.

1962 இல் மும்பைக்கு அணித்தான துரொம்பே அணுவாராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கே கனடாவின் உதவியால் அமைந்து 1960 இல் இயங்கத் தொடங்கிய ஸைரஸ் உலையின் நியூத்திரன்களைக் கொண்டு, அவரும் தோழரும் அமினோ அமிலங்கள் பலவற்றில் ஐதரசன்களின் இருப்பிடங்களைத் துணிந்தனர்.

அவ்வுலையே புளூத்தோனியமும் தந்தது. 1974 மே 18 இல் பொக்ரானில் வெடித்த கருவிக்கு அப்புளூத்தோனியமே பயன்பட்டது. அதனை ஆக்கியோருள் சிதம்பரமும் ஒருவர். கனடா சினந்து அணுத்துறை உதவியை நிறுத்திக்கொண்டது. 1998 இல் மீண்டும் அங்கே வெடிப்புக்கள் நிகழ்ந்தபோது அவரே இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவர். 2025 ஜனவரி 4 இல் அவர் மறைந்தபோது செய்தித்தாள்கள் பொக்ரானையே முன்னிறுத்தின. பனிக்கட்டியின் வளைந்த பிணைப்பை முன்னிறுத்துவதே எமக்கு உவப்பு. எனினும் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தல் வரலாறாகாது.

ஸைரஸ் உலை 2010 டிசம்பர் 31 இல் நிறுத்தப்பட்டது. துரொம்பேயில் நியூத்திரன் ஆராய்ச்சி 1985 இல் எழுந்த துருவா உலைக்கு அதன் முன்னரே இடம்பெயர்ந்திருந்தது.