கா பெசாரோ: உயில் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று

வெனிஸ் நகரத்தின் பெரிய கால்வாயை ஒட்டி நிற்கும் பிரம்மாண்டமான வெள்ளைக் கல் மாளிகை, கா பெசாரோ. 'கா' என்பது 'காசா' என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம். வீடு என்று அர்த்தம். எவ்வளவு பெரிய மாளிகையா இருந்தாலும் வெனிஸ்காரர்களுக்கு அது வீடுதான்!

பெசாரோ என்ற பணக்காரப் பிரபுக் குடும்பம் 17ஆம் நூற்றாண்டில் லொங்கேனா என்ற கட்டடக் கலைஞரை வைத்து இதைக் கட்ட ஆரம்பித்தது. அவர் 1682இல் இறந்துவிட, காஸ்பாரி என்பவர் 1710இல் முடித்துக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் குடும்பம் வாரிசில்லாமல் போச்சு. அவர்கள் சேர்த்த ஓவியங்களும் கைமாறிப் போயின. மாளிகை பலரிடம் சுற்றி, கடைசியில் பெவிலாக்குவா குடும்பத்திடம் வந்தது.

இதுவரை வழக்கமான கதைதான். எனக்குச் சுவாரசியமா பட்டது இதற்குப் பிறகு நடந்தது. ஃபெலிசிட்டா பெவிலாக்குவா லா மாசா என்ற பெருமாட்டி 1898இல் மாளிகையை நகரத்துக்கு எழுதி வைத்தார். யாருக்காக? பெரிய கண்காட்சிகளில் இடம் கிடைக்காத ஏழை இளம் கலைஞர்களுக்காக.

அந்தப் 'பெரிய கண்காட்சி' எது என்று ஊருக்கே தெரியும். 1895இல் தொடங்கிய வெனிஸ் பியனாலேதான். அதில் வாங்கிய படைப்புகளை வைக்க நகராட்சி 1897இல் ஒரு நவீன கலைக்கூடம் ஆரம்பித்திருந்தது. 1902இல் அதைக் கொண்டுவந்து கா பெசாரோவில் வைத்துவிட்டார்கள்! எங்க மென்பொருள் பாஷையில் சொன்னால், கிளையண்ட் கேட்டது ஒன்று, டெலிவரி ஆனது வேறொன்று. உள்ளே நுழைய முடியாதவர்களுக்கு விட்டுப்போன வீடு, நுழைந்தவர்களின் வீடாகிவிட்டது.

இளைஞர்களுக்கு வழி திறந்தது 1908இல். நினோ பார்பன்டினி என்ற இளம் இயக்குநர், கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இடையே இருக்கும் இடைத்தளத்தில் அவர்களுக்குக் கண்காட்சிகள் நடத்தினார். ஜினோ ரொஸ்ஸி, அர்த்தூரோ மார்டினி எல்லாம் அங்கே காட்சி வைத்தவர்கள்.

1910ஐ மட்டும் பாருங்க. அந்த வருட பியனாலேயில் கிளிம்ட் வரைந்த 'ஜூடித் 2' ஓவியத்தை நகரம் வாங்கியது. கிளிம்ட் அப்போதே பெரும்புள்ளி. அதே கோடையில் 27 வயது உம்பர்தோ பொச்சோனியின் தனிக் கண்காட்சி கா பெசாரோவில் நடந்தது. இன்று இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தில் இருப்பது அந்தப் பொச்சோனியின் சிற்பம்!

கிளிம்ட் ஓவியம் இன்றும் கா பெசாரோவின் நட்சத்திரம். ஃபெலிசிட்டாவின் பெயரில் இயங்கும் அமைப்போ வேறு கட்டடங்களில் இருந்துகொண்டு இளம் கலைஞர்களுக்குப் பணிக்கூடங்கள் கொடுத்து வருகிறது. உயிலின் நோக்கம் செத்துப்போகவில்லை, வீடுதான் கை நழுவிவிட்டது.

ஒரு அருங்காட்சியகத்துக்கு ஏற்கனவே ஜெயித்தவர்களைத் தேர்ந்தெடுப்பது சுலபம். தெரியாத பெயருக்கு ஒரு சுவர் கொடுக்கத்தான் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் மாளிகையின் பெரிய கூடங்களில் இல்லாமல் இடைத்தளத்தில் இருந்தது என்பதுதான் கா பெசாரோவைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது.