கூண்டு மீனுக்குப் பூண்டு மருந்தாகுமா?

பினாங்கின் புலாவ் அமான் தீவை ஒட்டிய கடலில் மிதக்கும் கூண்டுகளில் சியாக்காப் எனும் கொடுவா மீன் வளர்க்கப்படுகிறது. ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழும் மீன்களிடையே விப்ரியோ பாக்டீரியா பரவினால் தோலில் புண் வரும், துடுப்பு அழுகும், சில நாள்களில் மீன்கள் செத்து மிதக்கும்.

அவசரத்தில் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தோன்றும். அடிக்கடி கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்; மருந்தின் எச்சம் மீனில் தங்கி நம் தட்டுக்கும் வரும். அதனால்தான் தாவரங்கள் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசின், பாக்டீரியாவின் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. வேகவைத்தால் அந்தச் சக்தி பெரும்பாலும் போய்விடும். மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூண்டு கலந்த தீவனத்தைக் கொடுவாக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, பிறகு விப்ரியோ கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். பூண்டு தின்ற குஞ்சுகளே அதிகம் பிழைத்தன. 2012-இல் வெளியான ஆய்வு இது.

இங்கே கவனிக்க வேண்டியது, பூண்டு நோய்க்கு முன்பே கொடுக்கப்பட்டது என்பதுதான். நோயுற்ற மீன் முதலில் நிறுத்துவது தீனியைத்தான். பிறகு தீவனத்தில் எதைக் கலந்து என்ன பயன்? கடல் கூண்டில் சாற்றை ஊற்றினாலோ அலை அடித்துக்கொண்டு போய்விடும்.

மஞ்சள், வேம்பு, கொய்யா இலையும் ஆய்வில் உள்ளன. ஆனால் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இலையின் வீரியம் மாறும். ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்ற அளவு கூண்டில் போதாமல் போகலாம். மீன் சாகத் தொடங்கிவிட்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல், எந்தக் கிருமி என்று பரிசோதிப்பதே முதல் வேலை. மீன்வளத் துறையின் தேசிய மீன் சுகாதார ஆய்வு மையம் பினாங்கிலேயே, பத்து மாவுங்கில் இருக்கிறது.