ஊர் மாறும்போது பிள்ளையின் படிப்பு நின்றுவிடாமல் இருக்க
தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

முந்தல் பிரதேசத்தில் வாழும் பல குடும்பங்களுக்கு இன்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. தந்தை முசலியிலோ சிலாவத்துறையிலோ காணியைத் துப்புரவாக்கிக்கொண்டிருப்பார். தாயும் பிள்ளைகளும் புத்தளப் பக்கமே இருப்பார்கள். சில வீடுகளில் பெற்றோர் இருவரும் முன்னே போய்விட, பிள்ளை உம்மம்மாவிடம் விடப்பட்டிருக்கும். வீடு, கிணறு, காணி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் யோசிக்கும்போது பிள்ளையின் பாடசாலை கடைசியாகவே நினைவுக்கு வருகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது உங்களில் சிலர் பாடசாலைப் பிள்ளைகள். அந்த இடப்பெயர்வோடு படிப்பு நின்றுபோனவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். திரும்பிப் போகும் பயணத்தில் உங்கள் பிள்ளைக்கு அது நடக்க வேண்டியதில்லை.

ஏன் இந்த வயதில் கூடுதல் கவனம்?

தரம் 5 வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். தரம் 6இலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வோர் ஆசிரியர். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் வீட்டிலும் கவனம் குறைகிறது. அடுத்த பெரிய பரீட்சை தரம் 11இல் வரும் க.பொ.த. சாதாரண தரம்தான். இடையில் பிள்ளை பின்தங்கினால் அது உடனே வெளியே தெரியாது. தரம் 7இல் தவறவிட்ட பின்னமும் அட்சரகணிதமும் தரம் 10இல்தான் காலை வாரும்.

மாறுவதற்கு முன்

• தவணை நடுவில் மாற்ற வேண்டாம். தவணை முடிவில் மாறுவது நல்லது. ஆண்டு முடிவு அதைவிட நல்லது.
• பழைய பாடசாலை அதிபரிடம் விடுகைப் பத்திரத்தையும் கடைசித் தவணையின் தேர்ச்சி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் சேர்த்து, ஈரம் படாத பையில் வையுங்கள்.
• அப்பியாசக் கொப்பிகளைப் பழைய கடதாசியோடு போட்டுவிடாதீர்கள். எந்தப் பாடம் எதுவரை நடந்தது என்பதைப் புதிய ஆசிரியர் அதைப் பார்த்தே அறிவார்.
• நாடு முழுவதும் பாடத்திட்டமும் அரசாங்கப் பாடநூலும் ஒன்றுதான். ஆகவே பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாடநூல்களை என்ன செய்வது என்று அதிபரிடம் கேளுங்கள்.

புதிய பாடசாலையில் முதல் தவணை

முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, “பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். தந்தை ஓரிடத்திலும் பிள்ளை ஓரிடத்திலும் என்றால், பாடசாலைக்குப் பொறுப்பாகப் போய்வருபவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து ஆசிரியரிடமும் சொல்லுங்கள். உம்மம்மாவோ மாமாவோ, அந்த ஒருவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“எங்களுக்கே படிப்பில்லை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?”

பாடம் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை வேறு:

• ஒவ்வொரு மாலையும் கொப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசியாக எழுதிய திகதியைப் பாருங்கள். வாரக்கணக்கில் எழுதாத கொப்பி இருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.
• இன்று படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தெரியாதவருக்கு விளக்கும்போது பிள்ளைக்கே பாடம் தெளிவாகும்.
• வீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். உங்கள் காணி அரை ஏக்கர் என்றால், அதில் கால் பங்கை வீட்டுக்கு எடுத்தபின் தோட்டத்துக்கு எத்தனை பேர்ச்சஸ் மிஞ்சும்? 60 என்று பிள்ளை சொன்னால் பின்னம் விளங்கியிருக்கிறது.
• ஒரு மணிநேரம் தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் ஒதுக்கிவைத்துப் பக்கத்தில் இருங்கள். வலை பொத்தலாம், அரிசி புடைக்கலாம். எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

பிள்ளை வேலைக்குப் போக நினைத்தால்

இறால் பண்ணையிலும் வெங்காயத் தோட்டத்திலும் நாட்கூலி கிடைக்கிறது. வீடு கட்டும் காலத்தில் அந்தக் காசு பெரிதாகவே தெரியும். ஆனால் சில வாரம் என்று தொடங்கி நின்றவர்கள் திரும்பி வகுப்பில் உட்கார வெட்கப்படுகிறார்கள். தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்படும் பெண் பிள்ளைக்கும் இதே கதைதான். சட்டப்படி 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். இது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது.

பத்திரம் இல்லை, இடமில்லை என்று பாடசாலை சேர்க்க மறுத்தாலோ, பிள்ளை ஏற்கெனவே நின்றுவிட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் வலயக் கல்விப் பணிமனையையும் நீங்கள் நேரே அணுகலாம். போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். கையிலுள்ள பத்திரங்கள் குறைவாக இருந்தாலும் இருப்பதை எடுத்துச் செல்லுங்கள்.